டிரம்மிலிருந்து டிஸ்க்குக்கு: மாரிஸ் மைனர் 1000-இன் முன் பிரேக்குகளை மாற்றுவது சரியா?

மைனர்65

என்னிடம் உள்ளது 1965-ஆம் ஆண்டு வெளிவந்த மாரிஸ் மைனர் 1000, 1098 சி.சி. எஞ்சின். நான்கு சக்கரங்களிலும் டிரம் பிரேக்தான்; சக்கரத்தோடு சுழலும் உருளைக்குள் ஷூ எனும் வளைந்த தகடுகள் விரிந்து உரசும் வகை. முன்புறம் 8 அங்குல டிரம். சமதளத்தில் குறை சொல்ல ஒன்றுமில்லை. நான்கு பேரை ஏற்றிக்கொண்டு நீண்ட மலை இறக்கத்தில் இறங்கும்போதுதான் சிக்கல். பாதி இறக்கம் தாண்டியதும் பெடல் கெட்டியாகவே இருக்கிறது, ஆனால் எவ்வளவு அழுத்தினாலும் வண்டி நிற்க மறுக்கிறது. கருகிய நெடியும் வருகிறது. ஓரமாக நிறுத்திச் சற்று ஆறவிட்டால் பழையபடி பிடிக்கிறது.

முன் சக்கரங்களுக்கு மட்டும் டிஸ்க் (சுழலும் தட்டைக் காலிப்பர் எனும் கவ்வி இரு பக்கமும் பேடுகளால் பிடிக்கும் பிரேக்) போட்டுவிடலாமா என்று யோசிக்கிறேன். பின்னாளில் வந்த மாரிஸ் மரினாவின் முன் பாகங்களை எடுத்துப் பொருத்துவது ஒரு வழி; இந்த வண்டிக்கென்றே செய்து விற்கப்படும் கிட் இன்னொரு வழி. மாஸ்டர் சிலிண்டரையும் (பெடல் மிதிக்கும்போது ஆயிலை அழுத்தும் சிலிண்டர்) மாற்ற வேண்டுமா, பூஸ்டர் (எஞ்சின் வெற்றிடத்தால் கால் விசையைக் கூட்டும் கருவி) இல்லாமல் சமாளிக்க முடியுமா, பின் டிரம்களை அப்படியே விட்டுவிடலாமா என்பவையே என் கேள்விகள். செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள்.

கராஜ்வாசி

மாற்றுவதற்கு முன், இருப்பது ஒழுங்காக வேலை செய்கிறதா என்று பாருங்கள். டிஸ்க் போட்டால் வண்டி உடனே நின்றுவிடும் என்ற நம்பிக்கை பரவலாக இருக்கிறது. ஒரே ஒரு முறை, பிரேக் குளிர்ந்திருக்கும்போது, முழு பலத்தோடு மிதித்து நிறுத்தும் தூரத்தைத் தீர்மானிப்பது டயருக்கும் சாலைக்கும் இடையிலான பிடிமானமே. உங்கள் டிரம்களால் நான்கு சக்கரங்களையும் சுழலவிடாமல் இறுக்கிப் பூட்ட முடிகிறது என்றால், அந்த ஒரு நிறுத்தத்தில் டிஸ்க்கால் கூடுதலாக எதுவும் தர முடியாது.

நீங்கள் சொல்லும் அறிகுறி தெளிவாக இருக்கிறது. பெடல் கெட்டியாக இருந்தும் வண்டி நிற்கவில்லை என்றால் லைனிங் (ஷூ மீதுள்ள உராய்வுப் பட்டை) சூடாகி உராய்வை இழந்துவிட்டது என்று பொருள். பெடல் பஞ்சுபோல அமுங்கித் தரையைத் தொட்டால்தான் பிரேக் ஆயில் கொதித்திருக்கிறது என்று கொள்ள வேண்டும். இந்த இரண்டையும் குழப்பிக்கொண்டு ஆயிலை மட்டும் மாற்றிவிட்டு ஏமாந்தவர்கள் பலர்.

முதலில் டிரம்களைக் கழற்றுங்கள். வீல் சிலிண்டரின் (ஷூக்களைத் தள்ளும் சிறு சிலிண்டர்) ரப்பர் உறையை விரலால் சற்று விலக்கிப் பாருங்கள். உள்ளே ஈரம் தெரிந்தால் கசிவு உண்டு. லைனிங் மேற்பரப்பு கண்ணாடிபோல் பளபளத்தால் அது சூட்டில் இறுகிப்போயிருக்கிறது. இந்த வண்டியின் முன் சக்கரம் ஒவ்வொன்றிலும் ஷூக்களின் இடைவெளியைச் சரிசெய்ய இரண்டு அட்ஜஸ்டர்கள் உண்டு. ஒன்றை மட்டும் சரிசெய்துவிட்டு மற்றதை மறந்துவிட்டால் ஒரு ஷூ மட்டுமே முழு வேலையையும் செய்யும், விரைவில் சூடாகும்.

ஒரு எச்சரிக்கை. பழைய லைனிங்குகளில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்க வாய்ப்பு அதிகம். கம்ப்ரசர் காற்றை வைத்து டிரம்மை ஊதாதீர்கள். தூளை நனைத்துத் துடைத்து, துணியோடு கட்டி அப்புறப்படுத்துங்கள்.

அழுத்தமானி

கராஜ்வாசி சொல்வது ஒரு நிறுத்தத்துக்குப் பொருந்தும். மலை இறக்கத்துக்குப் பொருந்தாது. கணக்கைப் பார்ப்போம். ஆட்களோடு வண்டி 1000 கிலோ என்று வைத்துக்கொள்ளுங்கள். மணிக்கு 80 கி.மீ. வேகத்திலிருந்து ஒரு முறை நிறுத்தினால் ஏறத்தாழ 247 கிலோஜூல் ஆற்றல் வெப்பமாகிறது. அதில் 65 சதவீதத்தை முன் பிரேக்குகள் ஏற்கின்றன என்றும், ஒரு வார்ப்பிரும்பு டிரம் 5 கிலோ என்றும் கொண்டால், ஒவ்வொரு முன் டிரம்மின் வெப்பநிலையும் சுமார் 35 டிகிரி ஏறும். இது ஒன்றுமே இல்லை.

அதே வண்டி 300 மீட்டர் உயரத்திலிருந்து கீழே இறங்கும்போது வெளியேற வேண்டிய ஆற்றல் 2,940 கிலோஜூல். 80 கி.மீ. வேகத்திலிருந்து இடைவெளியே இல்லாமல் பன்னிரண்டு முறை நிறுத்துவதற்கு இது சமம். எஞ்சின் ஒரு பங்கை ஏற்கும், காற்று ஒரு பங்கைக் கொண்டுபோகும். ஆனால் காலை பெடலிலிருந்து எடுக்காமலே இறங்கினால் டிரம் 300 டிகிரியைத் தாண்டுவதில் வியப்பில்லை.

சூடேறும்போது டிரம்மின் விட்டம் விரிந்து ஷூவை விட்டு விலகிப்போகிறது. வெப்பம் உட்புறத்திலேயே அடைபட்டுக் கிடக்கிறது. டிஸ்க் தடிக்கும்போது பேடை நோக்கியே தடிக்கிறது. அதன் இரு முகங்களும் திறந்த காற்றில் சுழல்கின்றன. மழைநீரையும் அது சுழற்சியிலேயே உதறிவிடும். பிரெடெரிக் லாஞ்செஸ்டர் 1902-இலேயே டிஸ்க் பிரேக்குக்குக் காப்புரிமை பெற்றிருந்தார். ஆனால் அதன் மதிப்பு உலகுக்குத் தெரிந்தது 1953-இல், லு மான் 24 மணி நேரப் பந்தயத்தில் டிஸ்க் பொருத்திய ஜாகுவார் சி-டைப் வென்றபோதுதான். திரும்பத் திரும்பச் சூடேறும் இடத்தில்தான் டிஸ்க்கின் வெற்றி இருக்கிறது. மைனர்65 கேட்பதும் அப்படிப்பட்ட இடத்தைப் பற்றித்தான்.

இதற்கு ஒரு விலை உண்டு. டிரம்மில் முன்னோக்கிய ஷூவை, சுழலும் டிரம்மே இழுத்துத் தன்மீது மேலும் அழுத்திக்கொள்கிறது. உங்கள் முன் சக்கரத்தில் இரண்டு ஷூக்களும் அப்படிப்பட்டவையே; அதனால்தான் முன்னே போகும்போது நன்றாகப் பிடிக்கும் அந்த பிரேக், ஏற்றத்தில் வண்டி பின்னால் உருளும்போது அவ்வளவாகப் பிடிப்பதில்லை. டிஸ்க்கில் இந்த இலவச உதவி கிடையாது. பேடை அழுத்தும் விசை முழுவதும் உங்கள் காலிலிருந்தோ பூஸ்டரிலிருந்தோ வந்தாக வேண்டும்.

மைனர்65

டிரம்களைக் கழற்றிப் பார்த்தேன். இடது முன் சக்கரத்தின் கீழ் வீல் சிலிண்டரில் ஈரம் இருந்தது. நான்கு லைனிங்குகளும் பளபளவென்று இறுகிப்போயிருக்கின்றன. அவற்றைச் சரிசெய்துவிட்டே மேற்கொண்டு முடிவெடுப்பேன். ஆனால் இறக்கப் பாதையில் அடிக்கடி போவதால் டிஸ்க் மீதான எண்ணம் மாறவில்லை.

கிட் விற்கும் ஒருவரிடம் விசாரித்தேன். போல்ட்டைக் கழற்றி மாட்டினால் போதும், பழைய மாஸ்டர் சிலிண்டர் அப்படியே இருக்கட்டும் என்று அடித்துச் சொல்கிறார். அது சரிதானா?

அழுத்தமானி

சரியில்லை என்பேன்; குறைந்தபட்சம், திறந்து பார்க்காமல் அப்படிச் சொல்லக்கூடாது. டிரம் பிரேக்குக்கான மாஸ்டர் சிலிண்டர்கள் பலவற்றின் வெளிவாயிலில் ஒரு சிறிய வால்வு இருக்கும். பெடலை விட்ட பிறகும் பைப்பில் ஏறக்குறைய 10 பி.எஸ்.ஐ. (சதுர அங்குலத்துக்கு 10 பவுண்டு) அழுத்தத்தை அது தேக்கி வைக்கும். வீல் சிலிண்டரின் ரப்பர் கப்புகள் விரிந்தே இருக்கவும், காற்று உள்ளே இழுக்கப்படாமல் இருக்கவும் இந்த ஏற்பாடு. டிரம்மில் ஷூக்களைப் பின்னிழுக்க வலுவான ஸ்பிரிங்குகள் இருப்பதால் அந்த அழுத்தம் ஒரு பொருட்டே இல்லை. டிஸ்க் காலிப்பரில் அப்படிப்பட்ட ஸ்பிரிங் கிடையாது. பிஸ்டனின் சதுர ரப்பர் வளையம் முறுக்கித் திரும்புவதால் கிடைக்கும் மயிரிழை இடைவெளி மட்டுமே உண்டு. 10 பி.எஸ்.ஐ. அங்கே தேங்கினால் பேடுகள் ஓயாமல் உரசிக்கொண்டே இருக்கும். சூட்டைத் தவிர்க்கப் போட்ட டிஸ்க் தானே சூட்டை உண்டாக்கும்.

மைனரில் இன்னொரு சிக்கலும் சேர்கிறது. இதன் மாஸ்டர் சிலிண்டர் ஓட்டுநரின் காலடியில், தரைக்குக் கீழே சேஸிக்குள் இருக்கிறது. காலிப்பர்களின் மட்டத்தைவிட அது தாழ்ந்தது. பெடலை விட்டதும் ஆயில் தன் எடையாலேயே காலிப்பரிலிருந்து கீழே இறங்கிவிட வாய்ப்புண்டு. அதனால் அடுத்த முறை பெடல் பாதி தூரம் வீணாகப் போகும். இத்தகைய அமைப்புக்கு, டிஸ்க் லைனில் 2 பி.எஸ்.ஐ. அளவில் தேக்கும் வால்வைத் தனியாகப் போடுவது வழக்கம். பின் டிரம்களுக்கு 10 பி.எஸ்.ஐ. வால்வு அப்படியே இருக்கலாம். அதாவது முன்னுக்கும் பின்னுக்கும் தனித்தனிப் பைப் வேண்டும். அப்படித் தனித்தனியாகப் பிரிக்கும்போதே இரட்டைச் சுற்று மாஸ்டர் சிலிண்டருக்கு மாறிவிடுவது புத்திசாலித்தனம். இப்போது உங்கள் வண்டியில் எங்கே ஒரு ஹோஸ் வெடித்தாலும் நான்கு சக்கர பிரேக்கும் ஒரேயடியாகப் போய்விடும். ஹேண்ட் பிரேக்கை நம்பி மலையிறங்க முடியாது.

இனி விட்டத்தைப் பற்றி. பெடலின் நெம்புகோல் விகிதம் 5, காலின் விசை 30 கிலோ என்றால் புஷ்ராடில் (மாஸ்டர் சிலிண்டரின் பிஸ்டனைத் தள்ளும் தண்டு) 150 கிலோ கிடைக்கும். மாஸ்டர் சிலிண்டரின் விட்டம் 25.4 மி.மீ. ஆக இருந்தால் அழுத்தம் சதுர செ.மீ.க்கு சுமார் 30 கிலோ, 22.2 மி.மீ. என்றால் சுமார் 39, 19 மி.மீ. என்றால் 53-ஐ நெருங்கும். சிறியதைப் போட்டால் காலுக்குச் சுலபம் என்று தோன்றும். ஆனால் ஒரே அளவு ஆயிலைத் தள்ள, 25.4-க்குப் பதில் 19 மி.மீ. சிலிண்டரின் பிஸ்டன் ஏறத்தாழ 78 சதவீதம் அதிக தூரம் நகர வேண்டும். பெடல் தரையைத் தொட்டுவிடும். காலிப்பர் பிஸ்டன்களின் மொத்தப் பரப்பைக் கணக்கிட்ட பிறகே விட்டத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

ஆயில் தொட்டியின் அளவையும் பாருங்கள். பேட் தேயத் தேயக் காலிப்பர் பிஸ்டன் வெளியே வந்துகொண்டே இருக்கும். அந்த இடத்தை நிரப்பும் ஆயில் தொட்டியிலிருந்தே போக வேண்டும். டிரம்முக்கான சிறிய தொட்டி, பேட் முழுதும் தேய்வதற்குள் வற்றிவிடலாம்.

பின்சக்கரம்

எல்லோரும் முன் சக்கரத்தையே பேசுகிறீர்கள். ஆபத்து பின்னால் இருக்கிறது.

மைனரின் வீல்பேஸ் (முன், பின் அச்சுகளுக்கு இடையிலான தூரம்) 86 அங்குலம், அதாவது 2.18 மீட்டர். எடை மையம் தரையிலிருந்து 55 செ.மீ. உயரத்தில் இருப்பதாகக் கொள்ளுங்கள். 1000 கிலோ வண்டியை 0.8 ஜி (புவியீர்ப்பு முடுக்கத்தில் 0.8 பங்கு) அளவில் நிறுத்தும்போது சுமார் 200 கிலோ பின் அச்சிலிருந்து முன் அச்சுக்கு மாறிவிடுகிறது. சரிபாதியாக இருந்த எடை, முன்னே 700 பின்னே 300 என்றாகிவிடும். அந்த 300 கிலோ மட்டுமே அழுத்தும் பின் டயர்கள் எளிதில் பூட்டிக்கொள்ளும். முன் சக்கரம் பூட்டினால் ஸ்டியரிங் பேச்சைக் கேட்காது, ஆனாலும் வண்டி நேராகவே போகும். பின் சக்கரம் முதலில் பூட்டினால் வண்டியின் பின்பக்கம் முன்னே வரப் பார்க்கும். ஈரச் சாலையில் அதைத் திருத்த ஓட்டுநருக்கு நேரம் கிடைக்காது.

முன்னே டிஸ்க் போட்டதால் முன் பிரேக் வலுவாகிவிட்டது, பின் பிரேக் பலவீனமாகத்தான் இருக்கும், பயமில்லை என்று பலர் எண்ணுகிறார்கள். பெரும்பாலும் நடப்பது இதற்கு நேர்மாறானது. அழுத்தமானி சொன்னதுபோல் டிஸ்க்குக்குத் தன்னைத்தானே அழுத்திக்கொள்ளும் குணம் இல்லை. ஆகவே பழைய அளவு நிறுத்தத்தைப் பெற நீங்கள் லைனில் அதிக அழுத்தம் கொடுக்கிறீர்கள். பின் டிரம்களோ அந்தக் குணத்தோடு அப்படியே இருக்கின்றன. குறைந்த அழுத்தத்துக்கென்று வடிவமைக்கப்பட்ட பின் வீல் சிலிண்டருக்கு இப்போது கூடுதல் அழுத்தம் போகிறது. விளைவு, பின் சக்கரம் முன்னைவிடச் சீக்கிரம் பூட்டுகிறது.

இதற்கு இரண்டு வழிகள். பின் வீல் சிலிண்டரை விட்டம் குறைந்த ஒன்றாக மாற்றலாம். அது எல்லா அழுத்தத்திலும் பின் பிரேக்கை ஒரே விகிதத்தில் குறைக்கும். அல்லது பின் லைனில் திருகிச் சரிசெய்யும் புரோபோர்ஷனிங் வால்வைப் போடலாம். அந்த வால்வு தொடக்கத்திலிருந்தே அழுத்தத்தைக் குறைப்பதில்லை. ஒரு குறிப்பிட்ட புள்ளி வரை முன்னும் பின்னும் சமமாகவே ஏறும். அதற்கு மேல்தான் பின்னால் ஏறும் வேகம் தணியும். மெதுவாக நிறுத்தும்போது பின் பிரேக்கும் தன் பங்கைச் செய்யும், அவசரத்தில் அடங்கியிருக்கும். நான் வால்வையே தேர்ந்தெடுப்பேன். ஆனால் அதை ஓட்டுநரின் கைக்கெட்டும் இடத்தில் வைக்காதீர்கள்; யாராவது அதைத் திருகிப் பார்ப்பார்கள்.

திருப்புளி

பூஸ்டர் வேண்டாம் என்பது என் கருத்து. 48 குதிரைத்திறன் வண்டி இது. சரியான மாஸ்டர் சிலிண்டரும் சற்று மென்மையான பேடும் போட்டால் காலே போதும். பூஸ்டர் போட்டால் மேனிஃபோல்டிலிருந்து (எஞ்சினுக்குள் காற்று போகும் குழாய்) வெற்றிடக் குழாய், ஒருவழி வால்வு, அதற்கொரு இடம் என்று வேலை நீளும். குழாயில் சிறு விரிசல் விழுந்தாலும் எஞ்சின் ஐடிலும் கெடும்.

அழுத்தமானி

இதில் உடன்பட முடியவில்லை. குடும்பத்தில் வேறு யாராவது ஓட்டுவதாக இருந்தால், அவர்களுடைய காலால் 30 கிலோ விசையைத் தொடர்ந்து கொடுக்க முடியுமா என்பதையும் எண்ணிப் பார்க்க வேண்டும். பூஸ்டர் வேலை செய்ய நல்ல வெற்றிடம் தேவை, ஏறக்குறைய 450 மி.மீ. பாதரசம், மாற்றம் செய்யாத கேம்ஷாஃப்ட் உள்ள உங்கள் எஞ்சின் அதைத் தாராளமாகத் தரும். எனினும் முதலில் பூஸ்டர் இல்லாமல் பொருத்தி ஓட்டிப் பாருங்கள். பூஸ்டரைப் பின்னால் சேர்ப்பது கடினமன்று; முதலிலேயே போட்டுவிட்டால் அடிப்படைக் கணக்கிலுள்ள பிழைகளை அது மறைத்துவிடும்.

கராஜ்வாசி

டிஸ்க் போடுவதென்றே முடிவானால், கையில் ஸ்பானரோடு நிற்கும்போது தேவைப்படும் சிலவற்றைச் சொல்கிறேன்.

பழைய மைனரின் பைப் நட்டுகள் அங்குல மரை கொண்டவை; 3/8 யூ.என்.எஃப்., அங்குலத்துக்கு 24 மரை. புதிய காலிப்பர்கள் பல எம்10, 1 மி.மீ. பிட்ச் கொண்டவை. 3/8 என்பது 9.5 மி.மீ. மட்டுமே, பிட்சும் 1.06 மி.மீ. என்று மிக நெருங்கி வருவதால், அந்த நட்டு எம்10 துளையில் சில சுற்று அழகாக ஏறிவிடும். கையில் லேசாக ஆடும், அவ்வளவுதான் தெரியும். முழு பலத்தோடு பிரேக் மிதிக்கும் நாளில் மரை பிய்ந்துகொண்டு வெளியே வரும். பைப் முனையின் விரிவும் அப்படியே: இரட்டை மடிப்பு முனைக்கான இடத்தில் குமிழ் முனையைப் பொருத்தினால் எவ்வளவு முறுக்கினாலும் கசியும். பைப்புக்குத் தனிச் செம்பைவிடச் செம்பு-நிக்கல் கலவை நல்லது. செம்பு அதிர்வில் இறுகி வெடிக்கும்.

காலிப்பரை மாட்டியதும் காற்று எடுக்கும் நிப்பிள் மேல்முனையில் இருக்கிறதா என்று பாருங்கள். இடதையும் வலதையும் மாற்றிப் பொருத்தினாலும் போல்ட் கச்சிதமாக உட்காரும். நிப்பிள் கீழே போய்விடும், மேலே காற்றுக் குமிழி சிறைப்பட்டுக் கிடக்கும். எத்தனை லிட்டர் ஆயிலை ஓட்டினாலும் பெடல் கெட்டியாகாது.

சக்கரத்தைப் பொருத்திக் கையால் சுற்றி, ரிம்முக்கும் காலிப்பருக்கும் இடையே இடைவெளி இருக்கிறதா என்று பாருங்கள். டிஸ்க்கின் மையத் தடிப்பு சக்கரத்தை வெளியே தள்ளும். அந்த அளவுக்கு ஸ்டட் நீளமும் போதுமானதாக இருக்க வேண்டும். ஸ்டியரிங்கை இரு பக்கமும் முழுதாகத் திருப்பி, புதிய ஹோஸ் டயரையோ டார்ஷன் பாரையோ (முன் சஸ்பென்ஷனில் ஸ்பிரிங்காக வேலை செய்யும் நீண்ட கம்பி) தொடுகிறதா என்றும் கவனியுங்கள். டார்ஷன் பார் என்றதும் நினைவுக்கு வருகிறது: மாஸ்டர் சிலிண்டரைச் சேஸியில் பிடித்திருக்கும் போல்ட்டுகளை வெளியே இழுக்க அந்தக் கம்பியே குறுக்கே நிற்கும். இந்த வண்டியை வடிவமைத்தவர்களைத் திட்டாமல் அந்த வேலையை முடித்த எவரையும் நான் பார்த்ததில்லை.

பிரேக் ஆயில் டாட் 4 வகை போதும். புதிதாக இருக்கும்போது அதன் கொதிநிலை குறைந்தது 230 டிகிரி, ஈரம் ஏறிய பின் 155. சிலிக்கான் வகையான டாட் 5-ஐ இதனுடன் கலக்கவே கூடாது.

கடைசியாக ஒன்று. பிரேக்கில் செய்யும் மாற்றத்தை வாகனப் பதிவு அலுவலகத்துக்கும் காப்பீட்டு நிறுவனத்துக்கும் தெரிவிக்க வேண்டுமா என்று முன்கூட்டியே கேட்டுவிடுங்கள்.

மைனர்65

வேலை முடிந்தது. முன் டிஸ்க், இரட்டைச் சுற்று மாஸ்டர் சிலிண்டர், 2, 10 பி.எஸ்.ஐ. தேக்கும் இரண்டு வால்வுகள், பின் லைனில் புரோபோர்ஷனிங் வால்வு, பூஸ்டர் இல்லை. பின் டிரம்களையும் ஹேண்ட் பிரேக்கையும் தொடவில்லை. நிப்பிள்கள் மேலேதான் இருக்கின்றன.

ஒரே ஒரு குறை. முதல் மிதியில் பெடல் பாதிக்கு மேல் இறங்குகிறது. உடனே இன்னொரு முறை மிதித்தால் மேலேயே கெட்டியாக நிற்கிறது. ஆயிலில் காற்று எதுவும் வரவில்லை.

பின்சக்கரம்

இரண்டாம் மிதியில் சரியாகிறது என்றால், ஏதோ ஒரு இடைவெளியை நிரப்பவே முதல் மிதி செலவாகிறது. காற்று இருந்தால் இரண்டாம் மிதியிலும் பஞ்சுத்தன்மை மிஞ்சும். முதலில் பின் ஷூக்களைச் சந்தேகப்படுங்கள். சக்கரத்தைத் தூக்கி, அட்ஜஸ்டரைச் சக்கரம் பூட்டும் வரை திருகி, பிறகு உரசல் மட்டும் கேட்கும் அளவுக்குத் தளர்த்துங்கள். இதைச் செய்யும்போது ஹேண்ட் பிரேக் கேபிள் தளர்வாக இருக்க வேண்டும். கேபிள் ஷூவை இழுத்துப் பிடித்திருந்தால் அட்ஜஸ்டர் பொய் சொல்லும்.

அதன் பிறகும் இருந்தால் டிஸ்க்கின் ஆட்டத்தை டயல் கேஜ் (நுண்ணிய அசைவை முள்ளால் காட்டும் அளவி) வைத்து அளந்து பாருங்கள். டிஸ்க் கோணலாகச் சுழன்றால் ஒவ்வொரு சுற்றிலும் பேடைப் பின்னுக்குத் தள்ளிவிடும். 0.1 மி.மீ.க்குள் இருக்க வேண்டும்.

அழுத்தமானி

புஷ்ராடுக்கும் பிஸ்டனுக்கும் இடையே ஒரு மி.மீ. அளவில் இடைவெளி இருக்கிறதா என்றும் பாருங்கள். அதிகமாக இருந்தால் பெடல் தூரம் வீணாகும். இல்லவே இல்லையென்றால் மாஸ்டர் சிலிண்டரில் ஆயில் திரும்பும் சிறுதுளை மூடியே கிடக்கும். சூடேறிய ஆயில் விரிந்து, ஓடும் வண்டியில் பிரேக் தானாகவே பிடிக்கத் தொடங்கும்.

மைனர்65

பின்சக்கரம் சொன்ன இரண்டுமே இருந்தன. பின் ஷூக்கள் இரு பக்கமும் தளர்ந்திருந்தன. அவற்றைச் சரிசெய்ததும் பெடல் பாதியளவு மேலே வந்தது. டயல் கேஜில் வலது டிஸ்க் 0.18 மி.மீ. காட்டியது. கழற்றிப் பார்த்தால் ஹப் முகத்தில் நகக்கண் அளவுக்கு ஒரு துருப் பொருக்கு ஒட்டிக்கொண்டிருந்தது. அதைச் சுரண்டி எடுத்துவிட்டு மறுபடி மாட்டியதும் 0.06 ஆகக் குறைந்தது. இப்போது முதல் மிதியே கெட்டியாக இருக்கிறது. புஷ்ராட் இடைவெளி சரியாகவே இருந்தது.

பேடுகளைப் பழக்க, 50 கி.மீ. வேகத்திலிருந்து 10 வரை மிதமாகக் குறைத்து, முழுதாக நிறுத்தாமல், இடையிடையே ஆறவிட்டுத் திரும்பத் திரும்பச் செய்தேன். பிறகு ஆளில்லாத ஈரத் தளத்தில் புரோபோர்ஷனிங் வால்வைச் சிறிது சிறிதாகத் திருகி, முன் சக்கரம் முதலில் பூட்டும் இடத்தில் நிறுத்தினேன். நான்கு பேரோடு அதே இறக்கத்தில் இறங்கினேன்; நெடியும் இல்லை, பிடிப்பும் குறையவில்லை. கால் விசை டிரம் காலத்தைவிடக் கூடுதலாகத் தேவைப்படுகிறது என்பதை மறைக்க விரும்பவில்லை. பூஸ்டர் பற்றி இன்னும் முடிவெடுக்கவில்லை.

கராஜ்வாசி

நல்லது. கொஞ்சம் ஓட்டிய பிறகு காலிப்பர் போல்ட்டுகளின் முறுக்கத்தை மறுபடி சரிபாருங்கள். பைப் இணைப்புகளைக் காகிதத்தால் துடைத்து ஈரம் தெரிகிறதா என்றும் பாருங்கள். பின் டிரம்மை வருங்காலத்தில் அட்ஜஸ்ட் செய்ய நேர்ந்தால் வால்வின் நிலையையும் ஈரத் தளத்தில் மீண்டும் சோதிக்க வேண்டும். கழற்றிய டிரம், பேக்பிளேட், ஹப் எல்லாவற்றுக்கும் எண்ணெய் பூசி, இடது வலது எழுதி எடுத்து வையுங்கள். வண்டியைப் பழைய வடிவிலேயே வாங்க விரும்புபவர் அவற்றைத்தான் முதலில் கேட்பார். இறக்கத்தில் மட்டும் மூன்றாவது கியரைப் போடும் வழக்கத்தை விட்டுவிடாதீர்கள்.